கண், கவராயம், கபாலம்: ஃப்ரீமேசன் சின்னங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய கட்டடங்களின் தரைகளைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பதில் எழுதும்போது, வேலைக் காலத்தில் ஒரு மேசானிக் மண்டபத்தின், அதாவது கொத்தனார் கருவிகளைச் சின்னமாக வைத்திருக்கும் ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரச் சங்கம் கூடும் இடத்தின், கறுப்பு வெள்ளைத் தரையைப் பழுதுபார்த்ததை இரண்டு வரியில் சொல்லிவைத்தேன். தரையை விட்டுவிட்டு எல்லோரும் மேசன்களைப் பிடித்துக்கொண்டார்கள். வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அவர்கள் சின்னங்களைப் பற்றித்தான். எனவே இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

ஒன்றைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினன் இல்லை. கட்டட வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளன். அவர்கள் சின்னங்களில் பாதி என் தளத்தில் கிடந்த சாமான்கள். பதில் சொல்ல எனக்குள்ள யோக்கியதை அவ்வளவுதான்.

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். பையனின் அப்பா போட்டிருந்த மோதிரத்தில் கவராயமும் எல் வடிவச் சட்டமும், நடுவில் ஆங்கில ‘ஜி’ எழுத்தும் இருந்தன. ‘ரகசியச் சங்கத்து ஆள், வேண்டாம்’ என்று என் தம்பி பயமுறுத்துகிறான். சம்பந்தம் வைத்துக்கொள்ளலாமா?
(ஒரு தாய், ஈரோடு)

பதில்: ரகசியச் சங்கத்து ஆள் சின்னத்தை விரலில் மாட்டிக்கொண்டா பெண் பார்க்க வருவார், அம்மா?

அந்த எல் வடிவச் சட்டம் கொத்தனாரின் மூலைமட்டம். இரண்டு சுவர் சேரும் இடம் சரியாக 90 பாகை நிற்கிறதா என்று வைத்துப் பார்ப்பது. நடத்தை கோணக்கூடாது என்பது அவர்கள் அதற்குச் சொல்லும் பொருள். கவராயம் எல்லை போடுகிற கருவி. உன் ஆசைக்கும் கோபத்துக்கும் ஒரு வட்டம் போட்டுக்கொள் என்கிறது. ‘ஜி’ என்பது ஜியோமெட்ரி, அதாவது வடிவக் கணிதம். ஆங்கிலத்தில் கடவுளைக் குறிக்கும் சொல்லுக்கும் அதுவே முதலெழுத்து. இரண்டு பொருளையும் அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் மோதிரம், கார் கண்ணாடி ஒட்டி எல்லாவற்றிலும் நடுவில் இந்த எழுத்து இருக்கும். இங்கிலாந்து வழக்கத்தில் சின்னத்துக்குள் பெரும்பாலும் எழுத்து வராது. மண்டபத்தின் நடுவே கூரையிலிருந்து தனியாகத் தொங்கும்.

அடுத்த முறை போகும்போது கவராயத்தின் இரண்டு முனைகளையும் பாருங்கள். சங்கத்தில் மூன்று படிகள். புதிதாகச் சேரும் தொழில் பழகுபவர், அடுத்து சகதொழிலாளர், மூன்றாவது மாஸ்டர். சடங்கு மேசையில் முதல் படிக்கு இரண்டு முனைகளும் மூலைமட்டத்துக்கு அடியில் மறைந்திருக்கும். இரண்டாம் படிக்கு ஒரு முனை மேலே வரும். மூன்றாம் படிக்கு இரண்டும் மேலே. மோதிரங்களில் அநேகமாக இரண்டும் மேலேதான் இருக்கும்.

சேருவதற்குக் கடவுள் நம்பிக்கை வேண்டும். மண்டபத்துக்குள் அரசியலும் மதமும் விவாதிக்கக் கூடாது. அந்த இரண்டையும் பேசாத சம்பந்தி கிடைப்பது லேசில்லை. மற்றபடி பையனுடைய வேலையையும் குணத்தையும் விசாரியுங்கள்.

கேள்வி: ஒரு டாலர் நோட்டில் பிரமிடும், அதன்மேல் ஒற்றைக் கண்ணும் இருக்கின்றன. அமெரிக்காவையே மேசன்கள்தான் நடத்துகிறார்கள் என்பதற்கு அது சாட்சி இல்லையா? யூடியூபில் நிறையப் பேர் சொல்கிறார்கள்.
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: தம்பி, நோட்டை எடுத்துத் தேதி போட்டுப் பார்ப்போம்.

அந்தப் படம் அமெரிக்க அரசு முத்திரையின் பின்புறம். முத்திரை வரைய 1776 ஜூலை 4 அன்றே ஒரு குழு போட்டார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெபர்சன். மூவரில் பிராங்க்ளின் ஒருவர்தான் மேசன். முக்கோணத்துக்குள் கண் என்ற யோசனை அவருடையது அல்ல. அவர்கள் உதவிக்கு வைத்துக்கொண்ட ஓவியர் து சிமித்தியேருடையது. அவர் மேசன் இல்லை. அந்த வரைவு ஏற்கப்படவும் இல்லை. இன்னும் இரண்டு குழுக்கள் மாறி, வில்லியம் பார்ட்டன் பிரமிடைக் கொண்டுவந்து, சார்ல்ஸ் தாம்சன் ஒழுங்குபடுத்தி, 1782 ஜூன் 20 அன்று முத்திரை நிறைவேறியது. பிரமிடின் 13 படிகள் அன்றைய 13 மாநிலங்கள். அடியில் ரோமன் எண்களில் இருப்பது 1776.

முக்கோணத்துக்குள் கண் என்பது அப்போதே ஐரோப்பிய தேவாலயங்களில் பழகிப்போன படம். கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. மேசன்களின் கையேட்டில் அந்தக் கண் அச்சில் விளக்கத்தோடு வருவது 1797இல், அமெரிக்காவில் தாமஸ் ஸ்மித் வெப் வெளியிட்டதில். முத்திரை முடிந்து 15 வருஷம் கழித்து.

யூடியூப்காரர்கள் ‘1776 என்பது இல்லுமினாட்டி என்ற ரகசியச் சங்கம் பிறந்த வருஷம்’ என்பார்கள். பிறந்தது உண்மை. பவேரியாவில் இங்கோல்ஸ்டாட் ஊரில் ஆதாம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் அந்த வருஷம் மே 1 அன்று ஆரம்பித்தார். பத்து வருஷம்கூடத் தாங்காமல் அரசாங்கத் தடையில் சங்கம் படுத்துவிட்டது. அவர்கள் வைத்திருந்த சின்னம் ஆந்தை, கண் அல்ல.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வாதம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை மேசன்களுடையது அல்லதான். ஆனால் அது ஒரு டாலர் நோட்டில் ஏறியது 1935இல். ஏற்றலாம் என்று கிளப்பிய அமைச்சர் ஹென்றி வாலஸ், சரி என்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ட், இருவருமே மேசன்கள். அவர்களுக்கு அந்தக் கண் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை. அதற்காக நாட்டையே அது நடத்துகிறது என்பது அதிகம்.

கேள்வி: அவர்கள் கைகுலுக்குவதில் ஒரு ரகசியப் பிடி உண்டாமே, அது என்ன?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: 1730இல் சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் லண்டனில் மூன்று படிகளின் சடங்கையும் புத்தகமாகவே போட்டுவிட்டார். அன்றிலிருந்து அது கடையில் கிடைக்கிறது. பிடியைக் கற்றுக்கொண்டு விழுப்புரத்தில் யாரிடம் போய்க் குலுக்கப் போகிறீர்கள்?

கேள்வி: தரையைப் பற்றி இரண்டு வரியில் நிறுத்திவிட்டீர்கள். உள்ளே வேறு என்ன பார்த்தீர்கள்?
(உள்ளலங்காரம் படிப்பவர், மதுரை)

பதில்: தரை, சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி. பழைய பளிங்கு. சுற்றிலும் பல்பல்லாய் முக்கோணக் கரை. இன்பமும் துன்பமும் அடுத்தடுத்துத்தான் வரும், எதிலும் நின்றுவிட முடியாது என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். எங்கள் ஆட்களுக்கு அது ஒரு துன்பமாக மட்டும் வந்தது. கறுப்புக் கல்லின் தேய்மானமும் வெள்ளைக் கல்லின் தேய்மானமும் ஒன்றாக இல்லை. மாற்றிப் போட்ட கல் மட்டம் தட்டாமல் இழுத்தடித்தது.

கிழக்கே தலைவர் இருக்கை. அவருக்கு அடுத்த இரண்டு பொறுப்பாளர்களில் மூத்த வார்டன் மேற்கே, இளைய வார்டன் தெற்கே. வடக்கில் அப்படி நாற்காலி கிடையாது. இங்கிலாந்தில் இருந்து பார்த்தால் உச்சிப்பொழுதில் சூரியன் வடக்குப் பக்கம் போவதே இல்லை; அதனால் அது இருட்டுத் திசை. ஆடி மாதம் வடக்கே வெயில் அடிக்கும் நம் ஊரிலும் அதே ஏற்பாட்டை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

தலைவர் கழுத்தில் தொங்குவது மூலைமட்டம். மூத்த வார்டனுக்கு மட்டம், இளைய வார்டனுக்குத் தூக்குக்குண்டு. மட்டம் என்றதும் குமிழி ஓடும் ரசமட்டத்தை நினைக்காதீர்கள். அது பின்னால் வந்தது. இவர்கள் சின்னத்தில் இருப்பது முக்கோணச் சட்டத்தின் உச்சியிலிருந்து நூலில் குண்டு தொங்கும் பழைய மட்டம். நூல் நடுக்கோட்டில் விழுந்தால் கல் மட்டமாக இருக்கிறது. மண்டபத்துக்குள் துரையும் குமாஸ்தாவும் சமம் என்பது அதன் பொருள். காலனி நாட்களில் அது எவ்வளவு தூரம் நடந்தது என்பதைக் கொஞ்சம் கீழே பாருங்கள். பொருளாளருக்குச் சாவி, செயலருக்கு ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்த இரண்டு இறகுப் பேனா. கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்பவருக்கு வாள்தான் சின்னம்.

என்னை நிறுத்தி வைத்தவை இரண்டு கற்கள். இளைய வார்டன் மேசையில் ஒரு கரடுமுரடான கல், கல் குவாரியிலிருந்து வந்த கோலத்திலேயே. மூத்த வார்டன் பக்கம் இழைத்து முடித்த கனசதுரம். சேரும்போது நீ முதல் கல், ஆகவேண்டியது இரண்டாம் கல். இது பாடம். ஆனால் அந்த இரண்டாம் கல் ஒரு குட்டி முக்காலியில், கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டவில்லை. கல்லின் தலையில் ஒரு குழி, வாய் குறுகி அடி அகன்றது. அதற்குள் ஆப்பு வடிவ இரும்புத் துண்டுகளை இறக்கி, நடுவில் நேர்த்துண்டைச் செருகி, மேலே வளையத்தைப் பூட்டிவிட்டால் கல்லின் எடையே இரும்பை இறுக்கிப் பிடிக்கும். பெயர் லூயிஸ். ரோமானியர் காலத்து வித்தை. கல்லின் பக்கங்களில் சங்கிலித் தடம் படாமல் தூக்கி, ஒட்டினாற்போல் உட்காரவைக்கலாம். மேசன்களுக்கு லூயிஸ் என்றால் பலம். மேசனின் மகனுக்கும் அதே பெயர். வயதான காலத்தில் அப்பாவின் சுமையைத் தூக்கவேண்டியவன் என்று அர்த்தம். நான் அதைக் கையில் எடுத்துப் பார்க்கப் போக, காவலாளி ‘கல்லைத் தொடாதீங்க சார்’ என்றார். தரையை முழுக்கப் பெயர்த்துப் போட்டிருந்த ஆளிடம்!

கேள்வி: பைபிளில் 1 இராஜாக்கள் 7ஆம் அதிகாரத்தில் வரும் சாலொமோன் கோயிலின் யாகீன், போவாஸ் என்ற தூண்கள் ஃப்ரீமேசன் மண்டபங்களில் ஏன்? ஈராம் கொலை செய்யப்பட்டதாக அவர்கள் சொல்வது வேதத்தில் எங்கே இருக்கிறது?
(ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: எங்கேயும் இல்லை, ஐயா. வேதத்தில் வரும் ஈராம், நப்தலி கோத்திரத்துக் கைம்பெண்ணின் மகன், தீருவிலிருந்து சாலொமோன் அழைத்துவந்த வெண்கல வேலைக்காரர். வேலையை முடித்தார் என்பதோடு அவர் கதை முடிகிறது. மேசன்கள் அவரைக் கோயில் கட்டிய தலைமைச் சிற்பியாக்கி, மாஸ்டர் ரகசியத்தைச் சொல்லமாட்டேன் என்றதற்காக மூன்று கூலியாட்கள் மூன்று வாசலில் மடக்கி அடித்துக் கொன்றதாகக் கதை கட்டினார்கள். ஆங்கிலேயர் சடங்கில் முதல் அடி தூக்குமட்டக் கட்டையால், இரண்டாவது மட்டத்தால், மூன்றாவது கனத்த மரச் சம்மட்டியால். அச்சில் இந்தக் கதை முதலில் தெரியவருவது மேலே சொன்ன பிரிச்சர்டின் 1730 புத்தகத்தில். மூன்றாம் படி ஏறுகிறவர் அந்த ஈராமாக நடிக்கவேண்டும். ‘செத்து’ விழுந்து எழுப்பப்படுவார்.

தூண்களுக்கு வேத ஆதாரம் உண்டு. உயரம் மட்டும் தகராறு. இராஜாக்களில் 18 முழம், 2 நாளாகமம் 3ஆம் அதிகாரத்தில் 35 முழம். ஒன்று ஒரு தூணின் கணக்கு, மற்றது இரண்டையும் கூட்டிய கணக்கு என்று சமாளிப்பவர்கள் உண்டு. இரண்டு பதினெட்டு முப்பத்தாறு என்பதைப் பள்ளி ஆசிரியரான உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். போவாஸ் இடது, யாகீன் வலது. முதல் பெயருக்கு வலிமை, இரண்டாவதற்கு நிலைநிறுத்தல் என்று பொருள். வேதத்தில் தூண் தலையில் லீலிப்பூ வேலையும் மாதுளம்பழங்களும்தான். மண்டபங்களில் அதற்கு மேல் இரண்டு உருண்டைகள் இருக்கும், ஒன்று வானக் கோளம், ஒன்று பூமிக் கோளம். சாலொமோன் காலத்தில் பூமியை உருண்டையாக வரைந்து வைத்திருந்தார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது பிற்காலத்தார் ஒட்டவைத்தது.

கேள்வி: மலை ஊர் ஒன்றில் பழைய ஆங்கிலேயர் கல்லறை பார்த்தேன். மூலைமட்டமும் கவராயமும், கீழே மண்டையோடும் குறுக்கெலும்பும், ஒரு செடிக் கிளையும் செதுக்கியிருந்தது. கடற்கொள்ளைக்காரரோ?
(வாசகி, சேலம்)

பதில்: கடலிலிருந்து அவ்வளவு உயரத்துக்கு ஏறிவந்து கொள்ளையடிக்க என்ன இருக்கிறது? மூன்றாம் படி மேசன் அவர். மண்டையோடு மரணத்தை நினைப்பூட்டுவது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கல்லறைகளில் மேசன் அல்லாதவர்களுக்கும் அது சகஜம். செடிக் கிளை அகேசியா, நம் வேல மர வகை. ஈராமைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாக நட்ட கிளை என்பது கதை. அதனால் அது அழியாமைக்குச் சின்னம்.

இந்தச் சின்னங்கள் எல்லாவற்றையும் ஒரே பலகையில் வரைந்து வைத்துத்தான் பாடம் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஜான் ஹாரிஸ் 1840களில் வரைந்த பலகைகளின் படிகளை இன்னும் பல மண்டபங்களில் பார்க்கலாம். மூன்றாம் படிப் பலகையில் முழுநீளச் சவப்பெட்டியே இருக்கும். பலகை வருவதற்கு முன், சத்திரங்களின் மாடியறையில் கூடிய நாட்களில், சுண்ணாம்புக் கட்டியாலும் கரியாலும் தரையில் வரைந்துவிட்டு, கூட்டம் முடிந்ததும் ஈரத் துடைப்பத்தால் அழித்துவிட்டுப் போனார்கள். சிலபோது புதிதாகச் சேர்ந்தவர் கையில்தான் வாளியையும் துடைப்பத்தையும் கொடுப்பார்கள்.

கேள்வி: சாத்தான் வழிபாடு என்று எங்கள் சபையில் சொல்கிறார்கள். ஆட்டுத் தலை உருவம் ஒன்றைக் கும்பிடுகிறார்களாமே?
(வாசகர், தூத்துக்குடி)

பதில்: அந்த ஆட்டுத் தலைப் படத்தை 1850களில் வரைந்தவர் பிரான்சின் மாந்திரிக எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி. அதை மேசன்கள் தலையில் கட்டியவர் லியோ தக்ஸில். புனைபெயர்தான். 1885இல் ஆரம்பித்து, மேசன்களுக்குள் சாத்தானைக் கும்பிடும் உள்வட்டம் இருக்கிறது, அதிலிருந்து தப்பிவந்த பெண் ஒருத்தி எனக்குச் சாட்சி என்று தொகுதி தொகுதியாக எழுதித் தள்ளினார். போப்பாண்டவர் 13ஆம் லியோவே அவரைச் சந்தித்தார். அந்தப் பெண்ணை நேரில் காட்டு என்று நெருக்கவே, 1897 ஏப்ரல் 19 அன்று பாரிஸ் புவியியல் சங்க மண்டபத்தில் கூட்டம் போட்டு, ‘எல்லாம் நான் விட்ட கதை, பன்னிரண்டு வருஷம் உங்களை ஏமாற்றினேன்’ என்று சிரித்துக்கொண்டே அறிவித்தார். கூட்டம் கொதித்துப்போய்விட்டது. அவர் போட்ட குப்பையைத்தான் உங்கள் ஊரில் இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காகச் சபைக்கு மேசன்களோடு சண்டையே இல்லை என்று நினைக்கவேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபை 1738இல் 12ஆம் கிளமென்ட் காலத்திலேயே தடை போட்டது. 1983இலும் 2023இலும் அதை உறுதிசெய்திருக்கிறது. ஆனால் அந்தத் தடைக்குக் காரணம் வேறு; ஆட்டுத் தலை அல்ல. எல்லா மதத்துக்காரரும் ஒரு பொதுவான ‘பேரண்டச் சிற்பி’யை வணங்கினால் போதும் என்பதும், ரகசியப் பிரமாணமும் திருச்சபைக்கு ஒத்துவரவில்லை.

கேள்வி: கடவுள் பெயரால் சத்தியம் என்றால் எந்தக் கடவுள், எந்தப் புத்தகம்? இந்துக்கள் சேர முடியுமா?
(வாசகர், காரைக்குடி)

பதில்: மேசையில் திறந்து வைக்கும் வேதநூல், மூலைமட்டம், கவராயம், இந்த மூன்றையும் பெரும் விளக்குகள் என்கிறார்கள். இங்கிலாந்தில் பைபிள். 1961 நவம்பரில் டெல்லியில் மேசன்களின் இந்தியத் தலைமைச் சபை தனியாக உருவானது. அங்கே கீதை, பைபிள், குர்ஆன், குரு கிரந்த் சாகிப், பார்சிகளின் அவெஸ்தா என்று ஐந்துக்கும் இடம். சேருகிறவர் தன் நூலின்மேல் சத்தியம் செய்யலாம்.

அந்த நிலைக்கு வந்தது சும்மா இல்லை. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் 1863இல் சேரக் கேட்டார். ‘இந்துவுக்குப் பல கடவுள், எதன்மேல் சத்தியம் வாங்குவது?’ என்று அங்கிருந்த ஆங்கிலேயர்கள் தட்டிக்கழித்தார்கள். அவர் லண்டன்வரை எழுதி, விடாமல் ஒன்பது வருஷம் போராடி, 1872இல்தான் உள்ளே போனார். சமத்துவத்துக்கு மட்டத்தைச் சின்னமாக வைத்திருந்தவர்கள் வாசலில் நடந்த கதை இது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1884இல், அதே ஊரில் நரேந்திரநாத் தத் என்ற இளைஞர் சிரமமில்லாமல் சேர்ந்தார். பிறகு அவர் பெயர் விவேகானந்தர்.

பிரான்சின் பெரிய மேசன் சபை 1877இல் கடவுள் நம்பிக்கை கட்டாயமில்லை என்றது. ஆங்கிலேயர்கள் அதன்பேரில் உறவை முறித்துக்கொண்டார்கள். இன்னும் சேரவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் நவாப் மகன் ஒருவர் மேசனாக இருந்தாராமே? சென்னையில் அவர்கள் கட்டிய பழைய கட்டடம் எது?
(வாசகர், திருச்சி)

பதில்: உண்மை. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத்துல் உமரா, 1770களில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். இந்தியர்களில் முதல் மேசன் அவர்தான் என்று அவர்கள் வரலாறு சொல்கிறது. லண்டன் சபைக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்த்தோடு அலங்கரித்த ஏப்ரன் ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அவர் பாரசீகத்தில் நன்றிக் கடிதம் எழுதினார். நவாப் வீட்டுப் பிள்ளைக்குத் தொண்ணூறு வருஷம் முன்பே கதவு திறந்திருக்கிறது, வணிகர் தத்துக்குத்தான் சாத்தியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஏப்ரன் என்பது அவர்களுக்குச் சாதாரண உடுப்பு இல்லை. கல் செதுக்குகிறவன் இடுப்பில் கட்டிய தோலின் வாரிசு. முதல் படிக்கு வெறும் வெள்ளை ஆட்டுக்குட்டித் தோல். இரண்டாம் படிக்கு வானநீல ரிப்பன் பூ இரண்டு. மூன்றாம் படிக்கு மூன்று பூ, நீலக் கரை, வெள்ளிக் குஞ்சம். எந்த அரச விருதையும்விட இதுதான் உயர்வு என்று கட்டிவிடும்போதே சொல்லுவார்கள்.

சென்னைக் கட்டடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெரினா கடற்கரைச் சாலையில், வெள்ளைத் தூண்களோடு நிற்கும் காவல்துறைத் தலைமை அலுவலகம். 1839இல் மேசன்கள் கட்டியது. 1865இல் போலீஸ் மாதம் 90 ரூபாய் வாடகைக்கு எடுத்தது. 1874இல் 20,000 ரூபாய்க்கு வாங்கியே விட்டது. வாளோடு ஆள் நின்ற வாசலில் இப்போது துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அவர்களும் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: பெண்களைச் சேர்ப்பதில்லையாமே?
(வாசகி, அடையாறு)

பதில்: இங்கிலாந்துச் சபையும் அதை ஒட்டிய இந்தியச் சபையும் சேர்ப்பதில்லை. பிரான்சில் 1893இல் ஆணும் பெண்ணும் சேர்ந்த தனிச் சபை பிறந்தது. அன்னி பெசன்ட் 1902இல் அதில் சேர்ந்து லண்டனுக்குக் கொண்டுவந்தார், பிறகு இந்தியாவுக்கும். உங்கள் பேட்டையிலேயே, பிரம்மஞான சபை வளாகத்தில், அந்த வழி வேர்விட்டது. அதே மூலைமட்டம், அதே கவராயம். மற்றவர்கள் இவர்களை அங்கீகரிப்பதில்லை.

கேள்வி: முன்னாள் தலைவர்கள் அணியும் பதக்கத்தில் பிதாகரஸ் தேற்றத்தின் படம் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். கணக்குக்கும் சங்கத்துக்கும் என்ன உறவு?
(கணித ஆசிரியை, நாமக்கல்)

பதில்: வெள்ளித் தகட்டில் மூன்று சதுரங்கள். யூக்ளிடின் முதல் புத்தகத்தில் 47ஆவது தேற்றம். இங்கிலாந்து வழக்கில் தலைவர் பதவியை முடித்தவர் மூலைமட்டத்தோடு அதைத் தொங்கவிட்டுக்கொள்வார். 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த அவர்களுடைய விதிநூலின் முகப்புப் படத்திலேயே அது இருக்கிறது.

அவர்கள் சின்னங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், டீச்சர். மற்றதெல்லாம் கருவி, இது அந்தக் கருவிக்கே தாய். மூலைமட்டம் கோணலாகிவிட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது? நம் கொத்தனார்கள் வாஸ்துக் குறி போட்டு மூலை பிடிக்கும்போது பாருங்கள். ஒரு முளை அடிப்பார். ஒரு பக்கம் மூன்று அடி, மறு பக்கம் நாலு அடி நூலில் குறித்து, குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பிடிப்பார். பெரிய மனை என்றால் ஆறு, எட்டு, பத்து. ஒரு நூல் அளவு கூடினாலும் முளையைப் பிடுங்கி நகர்த்துவார். என்னிடம் வேலை பார்த்த பெரிய மேஸ்திரி பள்ளிக்கூடமே போகாதவர். பிதாகரஸ் என்றால் யார் என்று கேட்பார். 60 அடி மூலைவிட்டத்தில் அவர் பிடித்த மூலையை நான் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தபோது குறை சொல்ல இடமில்லை. தலைவராகப் பணியாற்றி முடித்தவருக்கு, இனி நீ மற்றவர் மூலையைச் சரிபார்க்கவேண்டியவன் என்று அந்தப் படத்தைக் கழுத்தில் மாட்டுவது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. அவர்கள் விளக்கம் இவ்வளவு தூரம் போகாது; இது என் சொந்தச் சரக்கு.

கேள்வி: நான் கொத்தனார். எங்க சாமானை எல்லாம் எடுத்துச் சின்னமா வச்சிருக்காங்களே, நெசமான கொத்தனார் யாராவது அதுல இருந்தாங்களா?
(வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: ஆரம்பத்தில் உங்களைப் போன்றவர்கள்தான் இருந்தார்கள், அண்ணாச்சி. ஸ்காட்லாந்தில் அரசரின் கட்டட அதிகாரி வில்லியம் ஷா 1598இலும் அடுத்த வருஷமும் போட்ட விதிகள் இருக்கின்றன. எத்தனை வருஷம் கற்றால் தொழிலாளி, யார் யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. லாட்ஜ் என்பது மேசன்களின் உள்ளூர்க் கிளை; எடின்பரோ லாட்ஜின் குறிப்பேடு 1599இலிருந்து கிடைக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கல் பிடிக்காத கனவான்கள் வந்தார்கள். 1641இல் ராபர்ட் மோரே என்ற படை அதிகாரி. 1646இல் எலியாஸ் ஆஷ்மோல், வாரிங்டன் ஊரில் தன்னைச் சேர்த்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். லண்டனில் நாலு லாட்ஜ்கள் ஒரு சத்திரத்தில் கூடித் தலைமைச் சபை அமைத்ததாக அவர்கள் கொண்டாடும் 1717க்குள், கரணை பிடித்த கை குறைந்து, கையுறை போட்ட கை கூடிவிட்டது. அது 1721தான் என்று வாதாடும் வரலாற்றாளர்களும் உண்டு.

உங்கள் சாமான்களின் கணக்கைக் கேளுங்கள். முதல் படிக்கு 24 அங்குல அளவுகோல், சுத்தி, உளி. அளவுகோல் ஒரு நாளின் 24 மணி நேரம். அமெரிக்காவில் அதைக் கடவுளுக்கும் கஷ்டப்படுகிறவனுக்கும் எட்டு, தொழிலுக்கு எட்டு, ஓய்வுக்கும் தூக்கத்துக்கும் எட்டு என்று பிரிக்கிறார்கள். சித்தாள்களிடம் சொல்லிவிடாதீர்கள், எட்டு மணி ஆனதும் இறங்கிவிடுவார்கள். இரண்டாம் படிக்கு மூலைமட்டம், மட்டம், தூக்குக்குண்டு. மூன்றாம் படிக்குப் பென்சில், கவராயம், பிறகு நடுமுளையில் சுழன்று நூல் விட்டு அஸ்திவாரம் குறிக்கிற ஒரு கட்டை. அமெரிக்காவில் மூன்றாம் படிக்குக் கரணை முக்கியம். அன்பைச் சாந்தாகப் பூசுவதாம்.

உங்கள் தொழிலின் இன்னொரு பழக்கமும் அவர்களிடம் போயிருக்கிறது. ஐரோப்பாவில் கல் செதுக்குகிறவர்கள் தாங்கள் முடித்த கல்லில் ஆளுக்கொரு குறி வெட்டுவார்கள். எந்தக் கல் யாருடையது என்று பார்த்துக் கூலி கொடுக்க அது உதவியது. கல் சரியில்லை என்றால் ஆளைப் பிடிக்கவும்தான். பழைய தேவாலயச் சுவர்களில் அந்தக் குறிகள் இன்னும் தெரியும். மேசன்களில் ‘மார்க்’ என்று ஒரு தனிப் படியே உண்டு. அதில் சேருகிறவர் தனக்கென்று ஒரு குறியைத் தேர்ந்து பதிவேட்டில் பதியவேண்டும். மேலே சொன்ன ராபர்ட் மோரே தேர்ந்தது ஐந்து முனை நட்சத்திரம். கடிதங்களில் கையெழுத்தோடு அதையும் போட்டார்.